பிள்ளையின் மேசையில் ஒரு புதுப் பொருள்

 

பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றபின் வீட்டைப் பெருக்கித் துடைக்கும் நீங்கள், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனின் அறைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை விரிப்பை மாற்றுவதற்காகப் புத்தகங்களைத் தூக்குகிறீர்கள். அவற்றின் இடையிலிருந்து ஏதோ ஒன்று கீழே விழுகிறது. விரல் நீளம்; தட்டையான வடிவம்; மினுமினுக்கும் நிறம். கணினியில் செருகும் பென் டிரைவ் போலவும் தோன்றுகிறது. எழுதும் மார்க்கர் போலவும் தோன்றுகிறது. ஒரு முனையில் சிறு துளை. முகர்ந்து பார்த்தால் மாம்பழ மணம்!

மாலையில் மகன் திரும்பி வருவான். அதுவரையுள்ள சில மணி நேரத்தில் உங்கள் உள்ளத்தில் எத்தனை எண்ணங்கள் ஓடும்! துபையில் இருக்கும் கணவருக்கு உடனே தொலைபேசியில் சொல்வதா? அடுத்த தெருவிலுள்ள அண்ணனை அழைத்து வந்து விசாரிக்கச் சொல்வதா? அவன் செருப்பைக் கழற்றுமுன்பே கன்னத்தில் அறைவதா? அல்லது ஒன்றையும் காணாதவர்போல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தொழுகை விரிப்பில் அமர்ந்து கண்ணீர் வடிப்பதா?

இந்தத் திங்கள் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது அந்தச் சில மணி நேரத்தைத்தான். அந்தப் பொருள் பிள்ளையின் உடலுக்குச் செய்யும் கேடு பெரிது. எனினும், அதைக் கண்டெடுத்த நாளில் பெற்றோர் நடந்துகொள்ளும் முறை அதனினும் பெரிய விளைவைத் தரவல்லது. இனி ஆபத்து வரும்போது பிள்ளை நம்மிடம் ஓடி வருவானா, நம்மை விட்டு ஓடுவானா என்பது பெரும்பாலும் அன்றுதான் முடிவாகிறது.

அனுமதி கேட்கக் கற்பித்த மார்க்கம்

முதலில் ஒரு கேள்வி எழும். பிள்ளையின் அறையை, பெட்டியை, பையைப் பெற்றோர் சோதிக்கலாமா?

பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் உரைக்கவேண்டும் என்று திருமறையின் அந்நூர் அத்தியாயம் (24:27) கட்டளையிடுகிறது. ஒரே வீட்டில் வாழ்வோருக்கும் அந்த அத்தியாயம் வரம்பு வகுத்திருக்கிறது. சுப்ஹு தொழுகைக்கு முன்பும், நண்பகல் ஓய்வு வேளையிலும், இஷாவுக்குப் பின்பும் சிறு பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே பெரியோரிடம் வரவேண்டும். பருவம் எய்திவிட்டாலோ எல்லா வேளைகளிலும் அனுமதி கேட்கவேண்டும் (24:58, 59). தாயிடம் செல்லவும் அனுமதி கேட்கவேண்டுமா என்று ஒருவர் வினவியபோது, வேண்டும் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு நுட்பமான ஒழுக்கத்தைக் கற்பிக்கும் நாம், அவர்களிடம் அதற்கு மாறாக நடக்கலாமா? வளர்ந்த பிள்ளையின் கதவைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்து, அவன் குரல் கொடுத்தபின் நுழையும் தாய், தன் மதிப்பை இழப்பதில்லை; மகனுக்கு மதிப்பைக் கற்றுக்கொடுக்கிறாள். தனி அறை இல்லாத வீடுகளிலும் பிள்ளைக்கென்று ஒரு மூலை, ஒரு பெட்டி, ஒரு பை இருக்கும். அதற்கும் இந்த மரியாதை உண்டு. அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கும்படியும், பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதிருக்கும்படியும் திருமறை (49:12) எச்சரிப்பதை நம் வீட்டு வாசற்படியோடு நிறுத்திவிட முடியாது.

ஆயினும், ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தத்தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்பதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள நபிமொழியின் கருத்து. துருவிப் பார்ப்பது வேறு. கண்ணில் பட்டதைக் காணாததுபோல் விடுவது வேறு. முதலாவது தடுக்கப்பட்டது. இரண்டாவதோ மேய்ப்பாளர் தம் கடமையைக் கைவிடுவதாகும். மேசையைத் துடைக்கும்போது தானே விழுந்த பொருளைக் கண்டு நீங்கள் விசாரிப்பது உளவு ஆகாது. அதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை; விட்டுவிடவும் கூடாது.

முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கோபத்துக்கு முன் அறிவு வரவேண்டும். பிள்ளையின் அறையில் நமக்குப் புரியாத எல்லாப் பொருளும் தீய பொருள் அல்ல. மூச்சிரைப்புக்கு மருந்து உறிஞ்சும் இன்ஹேலர், இன்சுலின் செலுத்தும் பேனா, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக வாங்கிய மின்கலம், கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு கருவி ஆகியவை யாவும் பழக்கமில்லாத கண்ணுக்கு விசித்திரமாகவே தோன்றும். கூட்டாளியின் இன்ஹேலரைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பிள்ளையைப் போதைக்காரன் என்று ஏசிவிட்டால், அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடியுமா?

ஆகவே, பொருளைப் பொறுமையாகப் பாருங்கள். வாய் வைத்து உறிஞ்சும் முனை, எதிர்முனையில் காற்றுத் துளை அல்லது மின்னேற்றும் துளை, உறிஞ்சும்போது ஒளிரும் சிறு விளக்கு, பழம் அல்லது புதினாவின் இனிய மணம், பக்கவாட்டில் சதவீதக் குறியோடு ஓர் எண் ஆகியவை ஒருங்கே காணப்பட்டால், அது மின்சிகரெட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. இளைஞர்கள் அதை 'வேப்' என்பர்.

அது இயங்கும் விதம் எளியது. உள்ளே ஒரு லித்தியம் மின்கலம், சிறிய உலோகச் சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு ஆகியவை இருக்கின்றன. உறிஞ்சும்போது சுருள் சூடேறித் திரவத்தைப் புகைபோன்ற நுண்துளிகளாக மாற்றுகிறது. அந்தத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணப்பொருள்கள் ஆகியவற்றோடு பெரும்பாலும் நிக்கோடினும் கலந்திருக்கும். 'இது வெறும் நீராவிதான் உம்மா' என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உண்மை அதுவன்று. அந்த நுண்துளிகளில் நிக்கோடின் மட்டுமன்றி ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்களும், சூடேறும் சுருளிலிருந்து கழலும் உலோகத் துகள்களும் கண்டறியப்பட்டுள்ளன.

இன்று நாம் காணும் மின்சிகரெட்டை 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தியலாளர். சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு மாற்றாக அது அறிமுகமாயிற்று. ஆனால் 2015க்குப் பின் பென் டிரைவ் வடிவிலும், பழச்சுவையிலும் சந்தைக்கு வந்தபோது, ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டிராத மாணவர்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. தொண்டையில் எரிச்சல் தராத உப்பு வடிவ நிக்கோடினைச் சேர்த்ததால், முதன்முறை உறிஞ்சும் சிறுவனுக்கு இருமல்கூட வருவதில்லை. முதல் பீடியைப் பிடித்த அந்தக் காலத்துச் சிறுவனை இருமல் எச்சரித்தது. இவனை எச்சரிக்க எதுவும் இல்லை. இருபது சிகரெட் கொண்ட ஒரு பெட்டிக்கு ஈடான நிக்கோடின் ஒரே நிரப்பில் இருக்கக்கூடும். வீட்டில் புகை நாற்றமும் வீசாது. பக்கத்து அறையில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கும் பாட்டியாருக்கும் ஒன்றும் தெரியாது.

உறிஞ்சிய நிக்கோடின் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடும். மனித மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. வளரும் மூளை அடிமைத்தனத்தை விரைவாகக் கற்றுக்கொள்கிறது. கவனம், நினைவாற்றல், மன அடக்கம் ஆகியவற்றை நிக்கோடின் பாதிக்கிறது. லேபிள் இல்லாத திரவத்தில் என்ன கலந்திருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாமலிருக்கலாம். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மின்சிகரெட்டால் ஏற்பட்ட நுரையீரல் நோய் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,800க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் கஞ்சா எண்ணெய் கலந்த திரவத்தை உறிஞ்சியிருந்தனர். அதில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் முக்கியக் காரணமென்று கண்டறியப்பட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடையே 2019இல் நடந்த தேசிய ஆய்வின்படி, 8.5 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்திவந்தனர், 2.8 சதவீதத்தினர் மின்சிகரெட்டை ஒருமுறையேனும் சுவைத்திருந்தனர். ஆண்பிள்ளைகளை மட்டும் கவனித்தால் போதும் என்பதும் தவறான எண்ணம். பழ மணமும் அழகிய நிறமும் பெண்பிள்ளைகளையும் ஈர்க்கத்தான் செய்கின்றன.

சட்டமும் மார்க்கமும்

இந்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் மூலமும், அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமும் மின்சிகரெட்டைத் தடைசெய்தது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டுசெல்வது, விற்பது, விளம்பரப்படுத்துவது யாவும் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்திருப்பதற்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல் மின்சிகரெட்டை முறைப்படி விற்க அனுமதி உண்டு. அங்கே கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்களே என்று எண்ணி, ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால், இந்திய மண்ணில் அது இறக்குமதிக் குற்றமாகும். சிங்கப்பூரிலோ 2018 முதல் அதை வைத்திருப்பதே குற்றம். வாப்பாவின் பெட்டியிலோ, சாச்சாவின் பெட்டியிலோ முதன்முதலில் அந்தப் பொருளைக் கண்ட பிள்ளையிடம், 'இது உனக்கு எங்கிருந்து கிடைத்தது?' என்று கேட்கும் நிலை எவருக்கும் வரவேண்டாம்.

மார்க்கத் தீர்ப்பைப் பொறுத்தவரை, பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் புகையிலை அரபு நாட்டில் இருந்ததில்லை. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே அது முஸ்லிம் நாடுகளை எட்டியது. அறிஞர்கள் தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்டது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டது எனப் பலவாறு கருத்துக் கொண்டனர். அதன் தீங்கு மருத்துவ முறையில் ஐயமற நிறுவப்பட்டபின், ஹராம் என்று தீர்ப்பளித்தவர்களின் தொகை பெருகிற்று. தன் கைகளாலேயே தன்னை அழிவில் தள்ளக்கூடாது என்னும் திருமறைக் கட்டளையும் (2:195), தீங்கு செய்வதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்னும் நபிமொழியின் கருத்தும் அவர்களுக்கு ஆதாரங்கள். நிக்கோடினால் பிள்ளையின் மூளைக்கும், கலப்படத் திரவத்தால் நுரையீரலுக்கும் தீங்கு நேரும் என்பது தெரிந்தபின், மணம் பழமாயிற்றே என்பதற்காகத் தீர்ப்பு மாறிவிடாது.

ஆனால், ஹராம் என்ற சொல்லை உரத்துச் சொல்வதால் மட்டும் பழக்கம் விடுபட்டுவிடுமா? உதுமானிய சுல்தான் நான்காம் முராது 1633இல் புகையிலையைத் தடைசெய்தார். மீறியவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். இதனினும் கடுமையான தண்டனை உலகில் உண்டா? எனினும் புகையிலை ஒழியவில்லை, மறைந்து வாழ்ந்தது. அவர் காலத்துக்குப் பின் தடைதான் நீங்கிற்று. ஒரு பேரரசர் வாளால் சாதிக்க முடியாததை நாம் பிரம்பால் சாதித்துவிட முடியுமென்று எண்ணுவது பேதைமை அன்றோ!

அருகில் அழைத்த அண்ணல்

ஓர் இளைஞர் பெருமானார் (ஸல்) அவர்களின் அவைக்கு வந்து, பெரும்பாவமான விபச்சாரத்துக்கே தமக்கு அனுமதி தரவேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்டார். அங்கிருந்தோர் அவரை அதட்டினர். அண்ணலாரோ அவரைத் தம் அருகில் வரச் சொன்னார்கள். உம் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இவ்வாறு நேர்வதை நீர் விரும்புவீரா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் விரும்பமாட்டேன் என்றார். பிற மக்களும் அப்படித்தான் விரும்பமாட்டார்கள் என்று உணர்த்தி, அவர்மீது கைவைத்து, அவருடைய பாவம் மன்னிக்கப்படவும் உள்ளம் தூய்மையாகவும் கற்பு காக்கப்படவும் துஆச் செய்தார்கள். அதன்பின் அந்த இளைஞர் அப்பாவத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி முஸ்னது அஹ்மதில் இடம்பெற்றுள்ளது.

பாவம் சிறியதென்று அண்ணலார் சொல்லவில்லை. அனுமதியும் தரவில்லை. ஆனால் முதலில் அருகில் அழைத்தார்கள்; பிறகு கேள்வி கேட்டுச் சிந்திக்க வைத்தார்கள்; இறுதியில் துஆச் செய்தார்கள். இந்த வரிசையை மாற்றிவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை அண்ணலார் ஒருமுறைகூடச் சீ என்று சொன்னதில்லை என்பதும் நாம் அறிந்ததே. மகனுக்கு அறிவுரை கூறும் லுக்மான் (அலை) அவர்கள், அருமை மகனே என்னும் கனிவான விளியோடு மும்முறை பேச்சைத் தொடங்குவதை அவர் பெயரிலேயே அமைந்த அத்தியாயத்தில் (31:13, 16, 17) காணலாம்.

அப்படியானால் அன்று மாலை என்ன செய்வது? மகன் வந்ததும் முகம் கழுவி உண்ணட்டும். மஃரிப் தொழுகை முடியட்டும். தம்பி தங்கைகள் இல்லாத இடத்தில், கதவைச் சாத்திவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

"வா ராசா, இப்படி உட்கார். மேசையைத் துடைத்தபோது இது கீழே விழுந்தது. உன் பையை நான் கிளறவில்லை. இது என்னவென்று எனக்குத் தெரியும். உன்னை அடிக்கப் போவதில்லை. ஊரைக் கூட்டப் போவதுமில்லை. உண்மையை மட்டும் சொல்."

"என்னுடையது இல்லை உம்மா. கூட்டாளி வைத்திருக்கச் சொன்னான்."

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் தரும் விடை இதுதான். 'பொய் சொல்லாதே!' என்று உடனே பாயவேண்டாம். அது உண்மையாகவும் இருக்கக்கூடும்.

"சரி, அப்படியே இருக்கட்டும். கூட்டாளி இழுக்கும்போது நீயும் இழுத்துப் பார்த்தாயா?"

மௌனம் வரும். அந்த மௌனத்தை நீங்கள் பேசி நிரப்பிவிடாதீர்கள். காத்திருங்கள். எப்போது தொடங்கியது, ஒரு நாளில் எத்தனை முறை, காலையில் எழுந்ததும் தேடுகிறதா, விட்டுப் பார்த்தாயா என்ற நான்கையும் மெதுவாகக் கேளுங்கள். ஒருமுறை சுவைத்துப் பார்த்தவனும், கண் விழித்ததும் அதைத் தேடுபவனும் ஒன்றல்லர். முன்னவனுக்கு அறிவுரை போதும். பின்னவனுக்கு மருத்துவமும் வேண்டும்.

"வாப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் உம்மா."

இந்த வேண்டுகோளுக்குத் தாய்மார் இரங்கிவிடுகின்றனர். அவ்வாறு வாக்களிக்க வேண்டாம். "வாப்பாவுக்குத் தெரியாமல் நாம் இருவரும் எதையும் மறைக்கக்கூடாது. ஆனால் நீயே சொல். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கூறுங்கள். அவன் பேசுமுன் கணவருக்கு நீங்கள் செய்தியை முன்கூட்டியே உணர்த்தி, கோபம் தணிய நேரம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கடல் கடந்து இருக்கும் தந்தைமாரே! ஈராண்டுக்கு ஒருமுறை வரும் உங்கள் குரல் மட்டுமே பிள்ளைக்கு எட்டுகிறது. அந்தக் குரல் தொலைபேசியில் இடியாக இறங்கினால், அடுத்த முறை அவன் அழைப்பை எடுக்கமாட்டான். 'நீ சொன்னது நல்லதாயிற்று மகனே, இருவரும் சேர்ந்து இதை விடுவிப்போம்' என்ற ஒரு சொல் போதும்; அவன் தோளில் உங்கள் கை விழுந்ததற்கு ஒப்பாகும்.

சத்தியம் வாங்காதீர்கள்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தவறு செய்தால் குர்ஆனைக் கொண்டுவந்து வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிடுவது. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தாகாது.

நிக்கோடின் அடிமைத்தனம் மன உறுதிக் குறைவால் மட்டும் வருவதன்று; மூளையில் நிகழ்ந்த மாற்றம். விட்ட முதல் சில நாட்கள் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, கவனச் சிதறல் ஆகியவை உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். அந்த நாட்களில் ஒருமுறை தவறிவிடுவது பலருக்கும் நேர்வதே. சத்தியம் செய்த பிள்ளை தவறினால், அவன்மீது மூன்று சுமைகள் ஏறுகின்றன. பழக்கம் ஒன்று, முறிந்த சத்தியம் ஒன்று, அதை மறைக்கும் பொய் ஒன்று. முறிந்த சத்தியத்துக்குப் பத்து ஏழைகளுக்கு உணவளித்தல் போன்ற பரிகாரமும், இயலாதவர்க்கு மூன்று நாள் நோன்பும் உண்டு (5:89). வெட்கத்தால் வாயடைத்த பிள்ளை அதை யாரிடம் போய்ச் சொல்வான்? தான் கெட்டவன், இனித் தொழுது என்ன பயன் என்று எண்ணி, பள்ளிவாசலையும் விட்டு விலகுவான். ஒரு சிறு பொருளிலிருந்து பிள்ளையை மீட்கப் போய், அவனை அல்லாஹ்வின் இல்லத்திலிருந்தே துரத்திவிடலாமா?

சத்தியத்துக்கு மாறாக ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள். தவறினால் அன்றே வந்து சொல்லவேண்டும். சொன்னால் தண்டனை இல்லை. இந்த உடன்பாடு உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கட்டும். ஊரிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கென்றே இந்திய அரசு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையை நடத்துகிறது. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். மாலையில் விளையாட்டு, கையில் சீரகமோ ஏலமோ, நிறையத் தண்ணீர், இரவில் கைப்பேசி இல்லாத உறக்கம் ஆகியவை எளிய துணைகள்.

ரமலான் நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. வைகறை முதல் மஃரிப் வரை எதையும் உறிஞ்சாமல் இருக்கும் பிள்ளை, தன்னால் முடியும் என்பதைத் தானே கண்டுகொள்கிறான். நோன்பு திறந்ததும் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு மாடிக்கு ஓடும் அந்த அரை மணி நேரத்தில் அவனைத் தனியே விடாமல், தந்தையோ அண்ணனோ உடன் அழைத்துக்கொண்டு பள்ளிக்கும் தராவீஹுக்கும் சென்றால், ஒரு மாதத்தில் கடினமான கட்டம் கடந்துவிடும், இன்ஷா அல்லாஹ். ஆனால் அந்தத் தந்தையே தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மூலையில் நின்று சிகரெட் பற்றவைப்பாரானால், மகனிடம் அவர் என்ன சொல்வார்? இருவரும் ஒரே நாளில் விடுவதாக முடிவு செய்யட்டும். அதைவிடச் சிறந்த அறிவுரை வேறில்லை.

மறைக்க வேண்டியதும் பேச வேண்டியதும்

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் நபிமொழியை நாம் பிறர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்; நம் பிள்ளைக்கு மறந்துவிடுகிறோம். தங்கையிடம் சொன்னது மாமியாருக்கும், மாமியாரிடமிருந்து மணவீட்டுக்கும் போய்ச் சேர எத்தனை நாளாகும்? பதினைந்து வயதில் செய்த பிழை இருபத்தைந்து வயதில் பெண் கேட்கப் போகும் இடத்தில் வந்து நிற்கக்கூடாது. உதவக்கூடியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அதே நேரத்தில், விற்றவனை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரை வெளியிடாமல், பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மஹல்லா ஜமாஅத்தில் சொல்லி, ஜும்ஆ உரையில் இதுபற்றிப் பேச வேண்டுங்கள். பிள்ளைகளுக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மின்சிகரெட் விற்பவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

கண்டெடுத்த பொருளைப் பற்றியும் கவனம் தேவை. அதிலுள்ள நிக்கோடின் திரவத்தைச் சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தோலில் பட்டாலும் உடலுக்குள் ஊறும். ஆகவே பேச்சு முடியும்வரை கைக்குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அடுப்பில் போடாதீர்கள், உடைக்காதீர்கள், லித்தியம் மின்கலம் தீப்பற்றி வெடிக்கக்கூடும். மின்னணுக் கழிவுகளை ஏற்கும் இடத்தில் சேர்த்துவிடுவதே முறை.

அன்புச் சகோதர சகோதரிகளே! இன்று மின்சிகரெட், நாளை வேறு பெயரில், வேறு வடிவில் இன்னொன்று வரும். சந்தைக்கு வரும் எல்லாப் பொருளின் பெயரையும் நாம் அறிந்துவைத்திருக்க இயலாது. ஆனால் பிள்ளை தானே கொண்டுவந்து காட்டும் வீடாக நம் வீட்டை ஆக்கிக்கொள்ள இயலும். 'உம்மா, இதைக் கொடுத்தார்கள், என்ன செய்வது?' என்று கேட்கும் துணிவு ஒரு பிள்ளைக்கு இருக்குமானால், அவனுடைய பையைச் சோதிக்கும் தேவை எந்தத் தாய்க்கும் வராது.

நம்மையும் நம் குடும்பத்தாரையும் நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளும்படி (66:6) பணித்த வல்ல நாயன், அதற்கு வேண்டிய அறிவையும் பொறுமையையும் நமக்கு அருள்வானாக! நம் மக்களின் உடலையும் உள்ளத்தையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.